முதுகுத்தண்டு ஆபரேஷனும் விஆர் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை பழகும் பி.ஜி. மாணவர்களுக்கு விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி, கணினி உருவாக்கிக் காட்டும் மெய்நிகர் காட்சி) கருவியில் பயிற்சி கொடுக்கிறேன். ஈரோடு, சேலம், திருப்பூர், கரூர் பக்கமிருந்து வரும் இளம் டாக்டர்கள், கருவி செய்யலாமா என்று கேட்கும் இன்ஜினியரிங் பிள்ளைகள், வார்டு வாசலில் நிறுத்தி விசாரிக்கும் நோயாளிகளின் வீட்டார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எலும்பின் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் தியேட்டரில் நாங்கள் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

விஆர் பயிற்சியில் அப்படி என்னதான் நடக்கிறது?

கண்ணை முழுக்க மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் எதிரே ஆபரேஷன் தியேட்டர் தெரியும். மேஜையில் நோயாளி குப்புறப் படுத்திருப்பார். தலையைத் திருப்பினால், ஆபரேஷனின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவியின் திரை. குனிந்தால் திறந்து வைத்த முதுகு. கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலர் அங்கே எலும்பில் பாதை போடும் கம்பியான ப்ரோபாகவும் டிரில்லாகவும் ஸ்குரூ டிரைவராகவும் மாறும். எந்த இடத்தில் தொட்டீர்கள், எவ்வளவு சாய்த்தீர்கள், எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போனீர்கள் என்று எல்லாவற்றையும் கணினி பதிந்துகொண்டே வரும். முடிந்த பிறகு தசையையும் எலும்பையும் மறைத்துவிட்டு, ஸ்குரூ எங்கே போய் நிற்கிறது, தண்டுவடத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நிஜ தியேட்டரில் ஸ்குரூ போன பாதை முழுசாகத் தெரிவது பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்கும் சி.டி. ஸ்கேனில்தான். அதற்குள் கை என்ன செய்தது என்பது மறந்துபோயிருக்கும். இங்கே அந்த நிமிடமே பார்க்கலாம், அழித்துவிட்டு மறுபடி செய்யலாம்.

தலையில் மாட்டும் திரையை இவான் சதர்லேண்ட் 1968-லேயே செய்து காட்டிவிட்டார். விமானிகள் தரையிலேயே பழக எட்வின் லிங்க் செய்த கருவி 1929-ல் வந்தது. அறுவை சிகிச்சைக்கு வந்து சேரத்தான் இத்தனை நாளாயிற்று.

மற்ற ஆபரேஷன்களை விட முதுகுத்தண்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

இடம் குறைவு, அதனால்தான். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் பின்பக்கத்தையும் முன்பக்க உடலையும் சேர்க்கும் இரண்டு குட்டைப் பாலங்கள் உண்டு. அவற்றைத்தான் பெடிக்கிள் என்கிறோம். உடைந்த முதுகையோ வளைந்த முதுகையோ நிமிர்த்திப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பாலத்தின் நடுவாக ஸ்குரூ இறங்க வேண்டும். இடுப்புப் பகுதியின் கடைசி எலும்பான எல்5-ல் பெடிக்கிள் தாராளமாக இருக்கும். மார்புப் பகுதியில் டி4, டி5, டி6 பக்கம் வந்தால் பலருக்கு அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்குள் 4.5 மில்லிமீட்டர் ஸ்குரூ போக வேண்டும். உள்பக்கம் விலகினால் தண்டுவடம், கீழ்ப்பக்கம் விலகினால் நரம்பு வேர். எலும்பைத் தாண்டி முன்னால் போனால் மகாதமனி.

விலகலை அளக்க 1990-ல் கெர்ட்ஸ்பெய்ன், ராபின்ஸ் இருவரும் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்குரூ எலும்பைத் தாண்டாவிட்டால் ஏ, 2 மில்லிமீட்டருக்குள் தாண்டினால் பி, அப்புறம் இரண்டிரண்டு மில்லிமீட்டராக அடுத்த கிரேடு. ஒரு கிரேடுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருப்பது வெறும் 2 மில்லிமீட்டர்.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் செய்த ஆய்வு 2007-ல் 'ஸ்பைன்' இதழில் வந்தது. முதுகு வளைந்த நோயாளிகளின் மார்புப் பகுதியில் போட்ட ஸ்குரூக்களை ஒப்பிட்டார்கள். ஸ்குரூ எங்கே போகிறது என்று ஆபரேஷனின்போதே திரையில் காட்டும் நேவிகேஷன் கருவி இல்லாமல் போட்டவற்றில் 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன. நேவிகேஷன் உதவியோடு போட்டவற்றில் 2 சதவீதம்தான். சுவரைத் தாண்டிய ஸ்குரூவெல்லாம் நோயாளிக்குக் கெடுதல் செய்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் வளைந்த முதுகில் பழகிய கைக்கே பாதை இப்படி என்றால், புதிதாக வரும் கை எங்கே பழக வேண்டும் என்பதை நாம் யோசித்தே ஆக வேண்டும்.

ஒரு பெடிக்கிள் ஸ்குரூ போடுவதைக் கருவி எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?

இடுப்புப் பகுதியில் தொடங்குவோம். மேல் மூட்டு முகப்பும் பக்கவாட்டு நீட்சியும் சேரும் இடம்தான் நுழைவாயில். மேலே உள்ள கெட்டி ஓட்டைக் கொஞ்சம் நீக்கினால் உள்ளே இருக்கும் மென்மையான எலும்பிலிருந்து ரத்தம் கசியும். சரியான இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. அடுத்து, முனை லேசாக வளைந்த ப்ரோப். முதல் 20 மில்லிமீட்டர் வரை அந்த வளைவு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அந்தத் தூரம் வரைக்கும் உள்பக்கம் தண்டுவடக் குழாய் ஒட்டியே வருகிறது. முனை வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் இழுக்காது. 20 மில்லிமீட்டர் தாண்டியதும் ப்ரோபை வெளியே எடுத்து, வளைவை உள்பக்கம் பார்க்கத் திருப்பி, அதே பாதையில் மறுபடி இறக்க வேண்டும். இப்போது நாம் முள்ளெலும்பின் உடலுக்குள் இருக்கிறோம், குழாய் பின்னால் போய்விட்டது. இனி வெளிச் சுவரைக் குத்திக்கொண்டு போய்விடாமல் இருக்கத்தான் இந்தத் திருப்பல்.

மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு கட்டத்துக்கு நடுவில்தான். படித்தவர்கள்தான், கேட்டால் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். ஆனால் ஹெட்செட்டுக்குள் போனதும் 20-ஐத் தாண்டி அப்படியே தள்ளிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் திருப்பும்போது பழைய பாதையை விட்டுப் புதுப் பாதை போட்டுவிடுவார்கள். கருவி இரண்டு பாதையையும் இரண்டு நிறத்தில் காட்டும்போது முகம் மாறும். அதற்குப் பிறகு சொல்லித்தர அதிகம் இருக்காது.

பாதை போட்ட பிறகு உருண்டை முனை ஃபீலரை விட்டு ஐந்து பக்கம் தொட்டுப் பார்க்க வேண்டும்: உள், வெளி, மேல், கீழ், அடிப்பக்கம். ஐந்தும் எலும்பாக இருந்தால்தான் அடுத்த வேலை. நல்ல சிமுலேட்டர் இதில் ஒரு பக்கத்தை விட்டாலும் மதிப்பெண் குறைக்கும். நான் அதையும் தாண்டி, வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

கோணமும் இங்கேதான் மனதில் பதிகிறது. எல்1-ல் ஸ்குரூ கிட்டத்தட்ட நேராகவே இறங்கும். கீழே போகப் போக உள்பக்கச் சாய்வு கூடி, எல்5-ல் 25, 30 டிகிரி வரை வரும். புத்தகத்தில் அட்டவணையாகப் படித்தது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வந்து சேர ஒரே முதுகில் மேலிருந்து கீழ் வரை போட்டுப் பார்க்க வேண்டும். நிஜத்தில் அந்த வாய்ப்பு ஒரு மாணவருக்கு ஒரே நாளில் கிடைக்கவே கிடைக்காது.

கையில் நிஜ எலும்பின் உணர்வு வருமா?

முழுசாக வராது. சாதாரண ஹெட்செட்டோடு வரும் கன்ட்ரோலர் அதிரும், அவ்வளவுதான். எலும்பின் எதிர்ப்பை அதால் தர முடியாது. தொடு உணர்வு தரும் ஹாப்டிக் கை வைத்த கருவிகள் மோட்டார் மூலம் எதிர்த்துத் தள்ளும். கண்ணுக்குப் படம் நொடிக்கு 90 முறை மாறினால் போதும். கைக்கு அது போதாது. கெட்டியான பொருளைத் தொட்ட உணர்வு வர வேண்டுமென்றால் விசையை நொடிக்கு சுமார் 1000 முறை கணக்கிட வேண்டும். அதனால்தான் அந்தக் கருவிகள் விலை கூடியவையாக இருக்கின்றன.

ப்ரோப் சரியான பாதையில் போகும்போது ஈர மணலில் கம்பி இறங்குவது போல ஒரு கரகரப்பு கைக்குத் தெரியும். சுவரில் முட்டினால் நிற்கும், சுவரை உடைத்தால் சட்டென்று வழுக்கும். அந்தச் சட்டென்ற வழுக்கலைத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் உயிர். இன்றைய விலை குறைந்த விஆர் அதைக் கற்றுத் தராது. அதற்குப் பிளாஸ்டிக் எலும்பும், ஆட்டு முதுகெலும்பும், உடல்தானமாக வந்த உடலும் வேண்டும். விஆர் கற்றுத் தருவது வரிசை, கோணம், ஆழம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவு. இதில் பழகிவிட்டேன், எல்லாம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் பயப்படுவேன்.

உண்மையிலேயே பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. பழைய, நல்ல ஆதாரம் பித்தப்பை ஆபரேஷனிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விஆர் பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரையும் நிஜ ஆபரேஷன் செய்யவிட்டு வீடியோவில் மதிப்பிட்டார்கள். முடிவு 2002-ல் வெளியானது. விஆரில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. வேகத்தை விட இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எலும்புத் துறையில் 2020-ல் கனடாவிலிருந்து தோள்பட்டை ஆபரேஷன் பயிற்சி பற்றி வந்த ஆய்விலும் விஆரில் பழகியவர்கள் முன்னால் இருந்தார்கள். முதுகுத்தண்டில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஸ்குரூ எவ்வளவு துல்லியமாகப் போனது என்பதைச் சிமுலேட்டரிலோ மாதிரி எலும்பிலோ அளந்தவை. நோயாளி எப்படிக் குணமானார் என்பது வரை தொடர்ந்தவை மிகவும் குறைவு. எனவே நான் இதை நம்பிக்கையோடு பயன்படுத்துகிறேன், ஆனால் இதை மட்டும் நம்பி யாரையும் தியேட்டருக்குள் விடுவதில்லை.

உடல்தான உடலும் மாதிரி எலும்பும் இருக்கும்போது இது எதற்கு?

ஒவ்வொன்றும் ஒன்றைச் சொல்லித் தரும். உடல்தானமாக வந்த உடலுக்கு ஈடு கிடையாது. அதே நேரம் ஓர் உடலில் ஒரு பெடிக்கிளில் ஒரு முறைதான் முதல் பாதை போட முடியும். அதைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், இரண்டு பேர் கை வைப்பார்கள். ஃபார்மலினில் வைத்த உடலில் தசையும், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறையான தண்டுவடப் போர்வையும் விறைத்துவிடும்.

ஆட்டு முதுகெலும்பை நான் விரும்பிச் சிபாரிசு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். எலும்பை மெல்ல அரித்து எடுக்கவும், தண்டுவடப் போர்வை கிழிந்தால் தையல் போடவும் பழக அதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. போர்வைத் தையலை விஆரில் பழகிப் பிரயோஜனமில்லை, நூலின் இழுப்பு அங்கே இல்லை.

நான் வைத்திருக்கும் வரிசை: முதலில் விஆர், பிறகு பிளாஸ்டிக் எலும்பு, பிறகு ஆடு, பிறகு உடல்தான உடல். இப்படி வந்தால், தானம் கொடுத்தவரின் உடலுக்கு முன் நிற்கும் மாணவர் "நுழைவாயில் எங்கே" என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கொடைக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதையும் அதுதான்.

எந்தெந்த ஆபரேஷன்களுக்கு இது நன்றாக உதவும்?

ஊசியும் சி-ஆர்மும் சேர்ந்த வேலைகள் எல்லாவற்றுக்கும். நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஊசி போடுவது, நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி, தோல் வழியாகவே போடும் ஸ்குரூ ஆகியவற்றில் மருத்துவரும் நிஜத்தில் திரையைப் பார்த்துத்தான் செய்கிறார். எண்டோஸ்கோப் வழியாக டிஸ்க் எடுப்பதும் அப்படியே. கேம்பின் முக்கோணம் என்கிற சின்ன இடைவெளியைக் குறிபார்த்து ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை விஆரில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

எந்த எலும்பு என்று சரியாக எண்ணுவதையும் இதில் சேர்க்கிறேன். தவறான மட்டத்தில் ஆபரேஷன் நடப்பது உலகம் முழுக்க இருக்கிற கவலை. சிலருக்கு இடுப்பில் ஐந்துக்குப் பதில் ஆறு எலும்பு இருக்கும், அல்லது கடைசி எலும்பு கீழே ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட முதுகுகளைச் சொல்லாமல் உள்ளே வைத்து மாணவரை எண்ணவிடுவேன்.

உதவாதவையும் உண்டு. ரத்தக் குழாய் கசிந்து கண்ணை மறைக்கும்போது என்ன செய்வது, பழைய ஆபரேஷன் தழும்பில் ஒட்டிப்போன போர்வையை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் இன்னும் சீனியரின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.

சி-ஆர்ம் கதிர்வீச்சு விஷயத்தில் இது பயன்படுமா?

இளம் மருத்துவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. புதியவர் ஒருவர் நிஜ தியேட்டரில் ஒரு ஸ்குரூவுக்கு மறுபடி மறுபடி படம் கேட்பார். ஒவ்வொரு படமும் அவருக்கும், சிஸ்டருக்கும், நோயாளிக்கும் கதிர்வீச்சு. விஆரில் எத்தனை படம் எடுத்தாலும் கதிர் கிடையாது, ஆனால் எத்தனை எடுத்தீர்கள் என்ற கணக்கு வரும். எண்ணிக்கையைக் குறைப்பதையே ஒரு பயிற்சியாக வைக்கலாம்.

பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கம் நிற்காமல் படம் வாங்கும் பக்கம் நில்லுங்கள். நோயாளியின் உடலில் பட்டுத் தெறிக்கும் கதிர் குழாய்ப் பக்கம்தான் அதிகம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஈய ஏப்ரனோடு தைராய்டு கவசத்தையும் மறக்காதீர்கள்.

மாட்டினால் தலை சுற்றுகிறதே?

சிலருக்குச் சுற்றும். வெறும் வயிற்றோடு வராதீர்கள். முதல் சில தடவை 15, 20 நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். நைட் ட்யூட்டி முடித்த கையோடு வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம், அந்த நாளில் வரும் மதிப்பெண்ணுக்கும் அர்த்தமில்லை.

விஆரும் ஏஆரும் ஒன்றுதானா?

இல்லை. விஆர் வெளி உலகத்தை முழுக்க மறைத்துவிடும், அது பழகுவதற்கு. ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) கண்ணாடி நிஜ நோயாளியின் மேலேயே சி.டி. படத்தைப் பொருத்திக் காட்டும், அது ஆபரேஷனின்போதே பயன்படுத்துவதற்கு. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கான ஏஆர் கண்ணாடி ஒன்றுக்கு அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் அனுமதி கொடுத்தது.

ஏஐ வாத்தியார் வந்துவிட்டால் சீனியர் தேவையில்லையா?

மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். மூளைக் கட்டி அகற்றும் சிமுலேட்டரில் 70 மருத்துவ மாணவர்கள். ஒரு குழுவுக்கு ஏஐ திருத்தம் சொன்னது, இன்னொரு குழுவுக்குத் தூரத்திலிருந்து நிபுணர் சொன்னார், மூன்றாவது குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. 2022-ல் வெளியான முடிவில் ஏஐ குழு நன்றாகத் தேறியிருந்தது. அடுத்த வருடம் அதே தரவை மறுபடி அலசியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஏஐ-யிடம் பழகியவர்கள் பாதுகாப்பில் முன்னேறினார்கள், ஆனால் கையசைவின் வேகத்திலும் கட்டியை எடுக்கும் திறமையிலும் பின்தங்கினார்கள். எதை அளந்து மதிப்பெண் போட்டதோ அதற்கேற்ப மாணவர்கள் தங்களை மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் கூடத்திலும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதிலிருந்துதான் வருகிறது. மாணவர் கருவியில் இருக்கும்போது சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கருவி "2.5 மில்லிமீட்டர் விலகல்" என்று சொல்லும். ஏன் விலகியது என்று அவர்தான் சொல்ல முடியும்: மேஜை உயரம் சரியில்லை, முழங்கை காற்றில் நிற்கிறது, எதிர்ப்பக்க ஸ்குரூவைப் போட இந்தப் பக்கமே நின்று எட்டுகிறாய். பல லட்சம் ரூபாய்க்குக் கருவியை வாங்கி, பூட்டிய அறையில் வைத்து, சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டால் அந்தப் பணம் வீண். சீனியருக்கு வாரத்தில் ஓர் அரை நாள் ஒதுக்கித் தராத மருத்துவமனை கருவி வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

"ஏனுங் டாக்டர், சின்னப் பையன் கத்துக்கறதுக்கு எங்கய்யன் முதுகுதான் கெடைச்சுதுங்களா?"

ஆனைமலைப் பக்கம் தென்னை ஏறி விழுந்த ஒரு பெரியவரின் மகன் கேட்டது. அதே கவலையைப் பல பேர் பல விதமாகக் கேட்கிறார்கள், கேட்பது நியாயம். நம் பகுதியில் முதுகு உடைந்து வருகிறவர்களில் தென்னையிலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் கட்டட சாரத்திலிருந்தும் விழுந்தவர்கள் நிறைய. சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டு வருகிறவர்களும் உண்டு. உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தால் அந்த அதிர்ச்சி நேராக மேலே ஏறி டி12, எல்1 பக்கத்தில் உடைக்கும். தண்டுவடம் முடிகிற இடமும் ஏறக்குறைய அங்கேதான். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் படுக்கையில் கிடக்கும்போது யார் கை வைக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

உள்ளதைச் சொல்கிறேன். இன்று உங்கள் அப்பாவுக்கு ஸ்குரூ போடும் பெரிய டாக்டரும் ஒரு காலத்தில் முதல் ஸ்குரூவை யாருக்கோ போட்டவர்தான். எம்.எஸ். ஆர்த்தோ மூன்று வருடம், அதற்கு மேல் முதுகுத்தண்டுக்கென்று ஃபெல்லோஷிப். அந்தக் காலம் முழுக்க மாணவர் படிப்படியாகத்தான் கை வைக்கிறார். முதலில் பிடித்துக்கொள்வார், பிறகு திறப்பார், மூடுவார், அதற்கும் பிறகு சீனியர் எதிரில் நிற்க ஒரு ஸ்குரூ. அந்த ஒரு ஸ்குரூவுக்கு முன்னால் அவர் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்பதில்தான் காலம் மாறியிருக்கிறது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட தலைமுறை எங்களுடையது. இப்போது, நோயாளியைத் தொடும் முன்பே பல நூறு பாதைகள் போட்டுப் பார்த்துவிட்டு வர வழி இருக்கிறது. அந்த வழி இருக்கும்போது அதைக் கொடுக்காமல் மாணவரைத் தியேட்டருக்கு அனுப்புவது சரியில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாராளமாகக் கேளுங்கள். "ஆபரேஷனை யார் செய்வாங்க? பெரிய டாக்டர் முழு நேரமும் உள்ளே இருப்பாருங்களா? கத்துக்கறவங்க எந்த வேலையைச் செய்வாங்க?" இந்த மூன்றையும் சம்மதக் கையெழுத்துக்கு முன்னால் கேட்கலாம். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்வது எங்கள் கடமை.

எத்தனை தடவை பழகினால் தியேட்டருக்குப் போகலாம்?

எண்ணிக்கை வைப்பதில்லை. சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு நாளாகும், பின்னால் நல்ல சர்ஜன் ஆவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழகிய சர்ஜன்களை அதே கருவியில் செய்யவிட்டு அவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணை எல்லையாக வைக்கிறோம். அந்த எல்லையை அடுத்தடுத்துத் தொட வேண்டும், ஒரு நாள் தொட்டுவிட்டு மறுநாள் கோட்டைவிட்டால் கணக்கில்லை. சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லிப் பார்க்கிறோம். கை மறந்திருக்கும், அது இயல்பு.

நேரத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள். முதல் மாதங்களில் கடிகாரத்தை நான் மறைத்துவிடுவேன்.

எங்கள் அரசு மருத்துவக் கல்லூரியில் இந்தக் கருவி இல்லை. நான் என்ன செய்வது?

என் மனதுக்கு நெருக்கமான கேள்வி இது. நெடுஞ்சாலையில் அடிபட்டவரும், மரத்திலிருந்து விழுந்தவரும் முதலில் போய்ச் சேர்வது கோவை, பெருந்துறை, சேலம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு. திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022-ல் திறந்த கல்லூரிகளுக்கும் அப்படித்தான் வரப்போகிறார்கள். எங்கே கேஸ் அதிகமோ அங்கே பயிற்சிக் கருவியும் இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் ஸ்கில் லேப் இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமே சொல்கிறது. அந்த அறையில் சிபிஆர் பொம்மைக்குப் பக்கத்தில் முதுகுத்தண்டுக்கும் ஒரு மேஜை கேளுங்கள். துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அது வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. த்ரீடி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம். உங்கள் வார்டு நோயாளியின் சி.டி. ஸ்கேனை அதில் திறந்து முள்ளெலும்புகளை முப்பரிமாணமாக எடுக்கலாம். சுமாரான லேப்டாப் போதும். ஸ்கேன் கோப்புக்குள்ளேயே நோயாளியின் பெயர், வயது, ஐ.பி. எண் எல்லாம் ஒளிந்திருக்கும், அவற்றை நீக்கிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். இதில் தளர்வே கூடாது. பிறகு திரையிலேயே ஒவ்வொரு பெடிக்கிளுக்கும் அகலம், நீளம், கோணம் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் தியேட்டரில் சீனியர் எடுக்கும் ஸ்குரூ அளவோடு ஒப்பிடுங்கள்.

அந்த உருவத்தைத் த்ரீடி பிரின்ட் எடுத்தால் கையில் பிடித்தே பழகலாம். இன்னொரு நன்மையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சிமுலேட்டர்களில் இருக்கும் மாதிரி நோயாளிகள் பெரும்பாலும் அங்கத்திய உடம்புக்காரர்கள். நம் ஊர் மெலிந்த பெண்களின் மார்பு முள்ளெலும்பு அதை விடச் சிறியது. நம் ஸ்கேனில் பழகினால் நம் எலும்பில் பழகியதாகும்.

இன்ஜினியரிங் படிக்கிறோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக இதில் என்ன செய்யலாம்?

வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர் இது. கணபதி, பீளமேடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் சொன்னால் ப்ரோப்புக்கு ஒரு பிடியை அன்றைக்கே கடைந்து கொடுத்துவிடுவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தொடு உணர்வு ஆராய்ச்சிக்கென்றே ஆய்வகம் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் அழகான தியேட்டர் காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். சுவரில் கடிகாரம், பளபளக்கும் விளக்கு எல்லாம் வந்துவிடும், எலும்பு மட்டும் வெறும் படமாக இருக்கும். தயவுசெய்து திருப்பிப் போடுங்கள். ஒரே ஒரு திசையில் மட்டும் எதிர்ப்புத் தரும் ஒரு சின்னக் கருவி போதும்: ஒரு மோட்டார், விசையை அளக்கும் ஒரு லோட் செல், ஒரு பிடி. சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் எலும்பின் அடர்த்தி எண்ணாகவே இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஏற்ப மோட்டார் எதிர்க்கட்டும். நடுவில் மென்மையான எலும்பு, ஓரத்தில் கெட்டிச் சுவர், சுவர் உடைந்தால் சட்டென்று விசை விழ வேண்டும். அந்த வழுக்கலை நிஜத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்துவிட்டால் பெரிய கம்பெனிகளே தடுமாறும் இடத்தில் நீங்கள் ஒரு படி ஏறியிருப்பீர்கள். அறுபது வயதைத் தாண்டிய, எலும்பு தேய்ந்த அம்மாவின் முள்ளெலும்பையும் இளைஞனின் முள்ளெலும்பையும் மாற்றிப் போடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

தொடங்கும் முன் ஒரு சர்ஜனோடு அரை நாள் உட்காருங்கள். முடித்த பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு அவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது சுவர், எது உள் எலும்பு என்று அவர் சரியாகச் சொன்னால் ப்ராஜெக்ட் தேறிவிட்டது.

நர்ஸ்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இதில் இடம் உண்டா?

கட்டாயம் உண்டு. ஸ்குரூ செட்டில் எந்த டிரைவர் எதற்கு, அடுத்து எதைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதை சிஸ்டர்களும், முன்பின் படம், பக்கவாட்டுப் படம் எது சரியான கோணத்தில் இருக்கிறது என்பதை சி-ஆர்ம் டெக்னீஷியன்களும் இதில் பழகலாம். முன்பின் படத்தில் பின் முள் நடுவிலும், இரண்டு பெடிக்கிளும் அதிலிருந்து சம தூரத்திலும் தெரிய வேண்டும். டெக்னீஷியனுக்கு அது தெரிந்துவிட்டால் பாதிப் படங்கள் மிச்சம்.

முதல் முறை பயிற்சிக்கு வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

அடுத்த வாரம் நீங்கள் அசிஸ்ட் பண்ணப்போகும் ஒரு கேஸின் சி.டி. ஸ்கேன், பெயர் நீக்கியது. அதில் நீங்களே அளந்து எழுதிய பெடிக்கிள் அளவுகள், பென்சிலில் இருந்தால் போதும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு வாருங்கள், ஹெட்செட்டுக்குள் இடம் இருக்கிறது. தியேட்டரில் போடும் கையுறை அளவு என்ன என்று தெரிந்துகொண்டு வந்தால் அதைப் போட்டுக்கொண்டே பழகலாம். முடிந்தால் உங்கள் யூனிட் சீனியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலையில் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு அவர் வந்தாலும் போதும், அதுவரை உங்களை எண்ண வைத்துக்கொண்டிருப்பேன்.